ஹெட்டை இறக்காமலே பிளக் மரையை மீட்டெடுத்தது

ஸ்பார்க் பிளக் ஓட்டையில் மரை போய்விட்டது என்றால், "ஹெட்டையே மாத்திடலாம்" என்ற பதில்தான் பெரும்பாலான பட்டறைகளில் முதலில் வருகிறது. ஹெட் என்பது சிலிண்டர்களை மேலே மூடும், பிளக் மாட்டுகிற பாகம். எங்கள் வீட்டு மாருதி 800-க்கும் அதுதான் சொல்லப்பட்டது. 1996 மாடல், மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டதால் இப்போது ஹெட் என்று தேடினால் பழைய இரும்புக் கடையில் கழற்றிப் போட்டதுதான் அதிகம் கிடைக்கிறது. அது எத்தனை முறை சூடேறி வளைந்தது, எத்தனை முறை பரப்புச் சீவியது என்று யாருக்கும் தெரியாது. வளையாத, விரிசல் இல்லாத சொந்த ஹெட்டை ஒரு மரைக்காகத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. கோவையில் இருப்பதால் ஒரு வசதி: ஆவாரம்பாளையம் பக்கம் போனால் லேத் பட்டறைக்குப் பஞ்சமே இல்லை. வேலை தெரிந்தவர்களிடம் கேட்டு, அவர்களை அருகில் வைத்துக்கொண்டே செய்தேன். ஹெட் இறங்கவே இல்லை.

முதலில் வந்தது சத்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒன்று கேட்கும். டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மேடு ஏறும்போதும் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் அது பட் பட்டென்று கூடியது. காலை எடுத்தால் குறைந்தது. டேப்பெட் சத்தம் இஞ்சின் வேகத்தோடு போகும், சுமையோடு இவ்வளவு மாறாது. கூடவே போனெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை, நடு சிலிண்டர் பிளக்கைச் சுற்றி மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கருமை. இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பிளக்கின் அடியில் சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் செய்தால் பதில் உடனே தெரிந்துவிடும். நுரை கொப்பளித்தது. (இதைச் சூடான இஞ்சினில் செய்யக் கூடாது, பீங்கான் வெடிக்கும். வயரிலும் கை படக் கூடாது.)

பிளக்கைக் கழற்றியபோது முதல் அரைச் சுற்று இறுக்கமாக வந்தது, அப்புறம் எந்தப் பிடியும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மேலே இழுத்தபடி சுற்றித்தான் எடுக்க முடிந்தது. பிளக்கின் மரைப் பள்ளங்களில் வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாக அலுமினியம். ஹெட்டில் இருக்க வேண்டிய மரை பிளக்கோடு வெளியே வந்திருந்தது.

ஏன் இப்படி ஆனது என்பதற்கான தடயம் டிக்கியில் இருந்த ஒரு டப்பாவில் கிடைத்தது. முன்பு மாற்றிய பழைய பிளக்குகள் மூன்றும் அதில் இருந்தன. மூன்றும் என்.ஜி.கே. கம்பெனி பிளக், மூன்றுக்கும் ஒரே ஸ்பேனர், ஒரே 14 மி.மீ. விட்டம், ஒரே 1.25 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி). ஆனால் இரண்டில் எண்ணுக்கு அடுத்த எழுத்து 'ஈ', மூன்றாவதில் 'எச்'. அந்தக் கம்பெனியின் குறியீட்டில் 'ஈ' என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ., 'எச்' என்றால் 12.7 மி.மீ. 'எச்' வகை பழைய இரு சக்கர வாகனங்கள் பலவற்றில் போடுவது. எப்போதோ ஒரு பட்டறையில் கைக்குக் கிடைத்ததை நடு சிலிண்டரில் மாட்டியிருக்கிறார்கள். மாட்டும்போது எந்தத் தடையும் தெரியாது, வண்டியும் ஓடும். ஆனால் ஓட்டையின் அடியில் 6 மி.மீ. அளவுக்கு, அதாவது ஐந்து மரை, பிளக் இல்லாமல் திறந்தே கிடக்கும். எரிகிற வாயு அங்கே படும். கரி அப்பிக் கல்லாக இறுகும். பிறகு வேறொரு இடத்தில் சரியான நீளமுள்ள பிளக்கைப் போட்டிருக்கிறார்கள். அது பத்து மரை இறங்கிக் கரியில் முட்டி நின்றிருக்கும். நின்ற பிளக்கை நீளக் குழாய் மாட்டி அழுத்தித் திருப்பினால் விட்டுக்கொடுப்பது எஃகு அல்ல, அலுமினியம்தான்.

நீளம் கூடினாலும் இதே கதைதான், தலைகீழாக. பிளக்கின் நுனி எரிஅறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மரையில் கரி படியும், கழற்றும்போது அந்தக் கரி ஹெட்டின் மரையை அறுத்துக்கொண்டு வரும். பிஸ்டனோ வால்வோ இடித்தால் அது தனிச் செலவு.

பழைய அம்பாசடரில் இந்தத் தொல்லை அரிது, அதன் ஹெட் வார்ப்பிரும்பு. நம் ஊர் மெக்கானிக்குகளில் ஒரு தலைமுறை அந்த இரும்பில் கை பழகியவர்கள். பிளக் ஸ்பேனரில் டாமி பாரை (திருப்பும் இரும்புக் கம்பி) கோத்து உடம்பின் எடையைப் போட்டு இறுக்கினாலும் அந்த மரை தாங்கியது. அதே கை அலுமினிய ஹெட்டுக்கு வந்தபோது இறுக்கும் அளவு மட்டும் மாறவில்லை. அவர்கள் வேலைத் திறமையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் தம் வண்டியின் ஹெட் எந்த உலோகம் என்று தெரியாத வண்டிக்காரர், பிளக்கை யார் எப்படி இறுக்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

மரை தளர்ந்த பிளக்கில் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டலாம், செம்புக் கம்பி இழையைச் சுற்றலாம், எபாக்ஸி பசை தடவி உட்கார வைக்கலாம் என்று ஆலோசனைகள் வந்தன. மூன்றையும் நான் கடுமையாக மறுக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 மி.மீ. ஓட்டையின் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை சதுர சென்டிமீட்டர். நன்றாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் 40 பாரை (ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ) தாண்டும். அப்படியானால் ஒவ்வொரு வெடிப்பிலும் பிளக்கை வெளியே தள்ளும் விசை 60 கிலோவுக்கு மேல். நிமிடத்துக்கு 3000 சுற்றில் அது 1500 முறை நடக்கிறது. பசையும் நூலும் இதை எத்தனை நாள் தாங்கும்? பறந்து வரும் பிளக் போனெட்டை நசுக்கும். திறந்த ஓட்டை வழியே பெட்ரோல் கலவை சூடான இஞ்சின் மேல் பீய்ச்சும். தொங்குகிற வயரில் தீப்பொறி வேறு.

எங்கள் பகுதியில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், இப்போது பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார். அவரிடம் போனபோது முதலில் கேட்டது இதுதான்: "உள்ளுக்குள்ள எத்தன மரை மிச்சம் இருக்குது தம்பி? டார்ச் அடிச்சுப் பாத்தீங்களா?" பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். மேல் ஓரத்தில் ஒன்றிரண்டு மரை மட்டும் கோணலாக ஏறியிருந்தால் புது உலோகம் எதுவும் தேவையில்லை. உள்ளே விட்டு விரித்து, அடியில் இருக்கும் நல்ல மரையைப் பிடித்துக்கொண்டு வெளியே சுற்றி வரும் ஒரு வகை டேப் (மரை வெட்டும் கருவி) உண்டு. அது உள்ளிருந்து வெளியே வருவதால் கோணல் மரை நேராகும், பிசிறும் வெளியேதான் விழும். அது கிடைக்காவிட்டால், பழைய பிளக் ஒன்றின் மரையில் நீளவாக்கில் ஹாக்சாவால் மூன்று நான்கு பள்ளம் அறுத்து, பள்ளத்தில் கிரீஸை நிரப்பிக் கையால் சுற்றி இறக்கினால் கரியைச் சுத்தம் செய்ய அதுவே போதும். மற்ற இரண்டு சிலிண்டருக்கும் நான் இதைத்தான் செய்தேன்.

நடு ஓட்டைக்கு அது பயன்படாது. மேலே ஒன்றும் இல்லை, அடியில் கரியோடு சில மரைகள் மட்டும். ஆகவே ஹெலிகாயில். வைரம் போன்ற குறுக்குவெட்டு கொண்ட ஸ்டெயின்லெஸ் கம்பியை ஸ்பிரிங் போலச் சுற்றிய உறை இது. ஓட்டையை அதற்கென்று உள்ள டேப்பால் பெரிதாக்கி மரை வெட்டி, உள்ளே இந்த காயிலைச் சுற்றி இறக்கினால், காயிலின் உட்புறம் மறுபடி அதே 14 மி.மீ. மரை. அலுமினியத்தைவிட உறுதியான மரை என்பது கூடுதல் நன்மை. பிளக்குக்கென்று விற்கும் செட்டில் டேப்பின் முனை 14 மி.மீ. மரையாகவும் அதற்கு மேல் பெரிய மரையாகவும் இருக்கும். முனை பழைய மரையைப் பிடித்து வழிகாட்டும், பின்னால் வருவது வெட்டும். தனியாக டிரில் போட வேண்டாம். வண்டியில் வைத்தே செய்வதானால் இந்த வகை டேப்பைத்தான் வாங்க வேண்டும்; கை டிரில்லை பிளக் ஓட்டைக்குள் விடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். காயிலின் நீளமும் 19 மி.மீ. பிளக்குக்கு உரியதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

டேப் நேராக இறங்க வேண்டும் என்பதில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது. இரண்டு டிகிரி சாய்ந்தாலும் பிளக்கின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) ஒரு பக்கம் உட்காரும், மறு பக்கம் கசியும். இங்கே கண் ஏமாற்றும். ஹெட்டில் பிளக் ஓட்டை சாய்வாக இருக்கிறது. நாமோ தரையை, இஞ்சினின் ஓரத்தைப் பார்த்து 'நேர்' என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்கிறோம். நேர் என்பது கேஸ்கெட் உட்காரும் அந்தச் சிறு வட்டப் பரப்புக்குச் செங்குத்து. பக்கத்து இரண்டு ஓட்டையிலும் பிளக்கை மாட்டி வைத்துவிட்டு, டேப் அவற்றோடு ஒரே சாய்வில் நிற்கிறதா என்று முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்கலாம். அதோடு ஆவாரம்பாளையத்து லேத்காரர் இன்னொரு உதவி செய்தார். கேஸ்கெட் பரப்பில் தட்டையாக உட்காரும்படி, டேப்பின் வெளிவிட்டத்துக்கு ஒட்டிய துளையோடு ஒரு தடித்த வளையம் கடைந்து தந்தார். அதை ஓட்டையின் மேல் வைத்து ஒரு கையால் அழுத்திக்கொண்டால் டேப்புக்குச் சாயவே இடமில்லை. "மொத ரெண்டு சுத்து நேரா போயிட்டா மீதி அதுவே போகுங்க" என்றார். அப்படித்தான் போனது.

டேப்பைத் தொடுவதற்கு முன் பிஸ்டனையும் வால்வையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பிஸ்டன் உச்சியில் இருந்தால் டேப்பின் முனை அதில் இடிக்கலாம். அடியில் இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வால்வு) திறந்திருக்கும். பிசிறு வால்வு சீட்டில் (வால்வு மூடி அமரும் விளிம்பு) போய் உட்காரும். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல இடம் இருக்கிறது: கம்ப்ரெஷன் (கலவையை அழுத்தும் கட்டம்) முடிந்து பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு, பிஸ்டனோடு சுற்றும் கிராங்க் தண்டு கால் சுற்று திரும்பிய இடம். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், 72 மி.மீ. ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) பாதிக்கு மேல் பிஸ்டன் இறங்கியிருக்கும். இதைப் பிடிக்க, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, தாங்கு கட்டை வைத்து, டாப் கியரில் போட்டு அந்தச் சக்கரத்தை முன்னோக்கிக் கையால் திருப்பினேன். வேலை செய்யும் ஓட்டையில் விரலை வைத்திருந்தால் காற்று தள்ளுவது தெரியும், அதுதான் கம்ப்ரெஷன். ஒரு வளையாத பிளாஸ்டிக் குச்சியை விட்டால் பிஸ்டன் ஏறுவதும் இறங்கத் தொடங்குவதும் கைக்குத் தெரியும்.

பிறகு கிரீஸ். டேப்பின் பள்ளங்களை முழுக்கக் கெட்டி கிரீஸால் நிரப்ப வேண்டும், பிசிறு அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். அலுமினியம் வெட்ட மண்ணெண்ணெய்தான் நல்லது என்று லேத்காரர்கள் சொல்வது உண்மை. ஆனால் அது ஹெட் மேஜையில் இருக்கும்போது. வண்டியில் இருக்கும்போது மண்ணெண்ணெய் பிசிறைக் கழுவிச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை டேப்பை முழுக்க வெளியே எடுத்து, துடைத்து, புது கிரீஸ் நிரப்பி மறுபடி. சலிப்பாக இருக்கும். ஆனால் இந்த இடத்தில் செலவழிக்கும் நேரம்தான் சிலிண்டர் சுவரைக் காப்பாற்றுகிறது.

காயிலை இறக்குவதற்கு முன் புது மரையைத் துணியால் துடைத்து, கிரீஸ் இல்லாமல் செய்துகொண்டேன். காயில் அதன் கருவியில் கோத்துக் கையாலேயே சுற்ற இறங்கும்; அழுத்தம் கொடுத்தால் ஒரு மரை தாவிவிடும். அதன் மேல் முனை கேஸ்கெட் பரப்புக்குச் சற்றுக் கீழே, அரை மரை அளவு, நிற்க வேண்டும். மேலே துருத்தினால் கேஸ்கெட் உட்காராது. கீழே எரிஅறைக்குள் நீட்டினால் அந்தக் கம்பி நுனி பழுக்கக் காய்ந்து, தீப்பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். அடியில் இருக்கும் குறுக்குக் கம்பியை உடைத்து எடுப்பதுதான் பயமான கட்டம். அது ஸ்டெயின்லெஸ், அலுமினியப் பிசிறும் சரி, இதுவும் சரி, உள்ளே விழுந்தால் காந்தத்தை நம்பி எடுக்க முடியாது. ஆகவே தட்டி உடைக்கவில்லை. நீண்ட மூக்குக் குறடால் இறுகப் பிடித்து, விடாமல் முன்னும் பின்னும் ஆட்டி ஒடித்து, பிடித்தபடியே வெளியே எடுத்தேன்.

மரை பூட்டும் பசை போடலாமா என்று கேட்பார்கள். சாதாரண வகைகள் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். பிளக் அருகே வெப்பம் அதை எட்டும், தாண்டவும் கூடும். அதிக வெப்பத்துக்கென்று வரும் வகையாக இருந்தால் ஒரு பொட்டு போதும். அதிகம் போட்டால் உட்புற மரைக்குள் வழிந்து பிளக்கையும் ஒட்டிவிடும்.

அப்புறம் சுத்தம். வீட்டு வேக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய ரப்பர் குழாயை ஒட்டும் டேப் சுற்றி இறுக்கி, ஓட்டைக்குள் விட்டு எல்லாப் பக்கமும் உறிஞ்ச வைத்தேன். உள்ளே பெட்ரோல் ஆவி மிச்சமிருக்கக் கூடாது என்பதற்காக அதற்கு முன்பே பிளக் எல்லாவற்றையும் கழற்றி நெடுநேரம் திறந்து வைத்திருந்தேன். அதன் பிறகு கம்ப்ரஸர் காற்று, வளைந்த குழாயில். கடைசியாக, இக்னிஷன் காயிலின் சிறு வயரைக் கழற்றிவிட்டு, மூன்று ஓட்டையும் திறந்திருக்க, சில விநாடி கிராங்க் செய்தேன், அதாவது ஸ்டார்ட்டரால் இஞ்சினைச் சுற்றவிட்டேன். அந்த வயரைக் கழற்றுவது கட்டாயம்: கார்புரேட்டர் வண்டியில் கிராங்க் செய்தால் பெட்ரோல் கலவை ஓட்டை வழியே வெளியே வரும், அங்கே ஒரு தீப்பொறி போதும். முகத்தையும் தள்ளி வைக்க வேண்டும், பிசிறு குண்டு மாதிரி வரும்.

புது பிளக்கை ஸ்பேனரில் வைத்து மாட்டக் கூடாது. பெட்ரோல் ஹோஸ் ஒரு சாண் வெட்டி பிளக்கின் பீங்கான் தலையில் செருகி, அந்தக் குழாயைப் பிடித்துச் சுற்றி இறக்கினேன். கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், மரையை வெட்டும் அளவுக்கு அதில் பலம் வராது. கேஸ்கெட் தொடும் வரை இப்படியே வர வேண்டும். அதன் பிறகு இறுக்கும் டார்க் (திருப்பு விசை) 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். டார்க் ரென்ச் இல்லாதவர்கள், புது பிளக் என்றால் கேஸ்கெட் தொட்ட பிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. ஏற்கெனவே நசுங்கிய கேஸ்கெட் உள்ள பழைய பிளக் என்றால் 30 டிகிரி மட்டும். ஆன்டிசீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடவும் பசை) தடவ நான் விரும்பவில்லை. என்.ஜி.கே. தன் பிளக்குகளில் மரைக்கு முலாம் பூசியே அனுப்புகிறது, தடவ வேண்டாம் என்றும் சொல்கிறது. வழுக்கும் மரையில் அதே டார்க் கொடுத்தால் உண்மையில் இறுக்கம் அதிகமாகிவிடும்.

கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்தபோது நடு சிலிண்டர் மற்ற இரண்டோடும் சேர்ந்து நின்றது. மூன்றுக்கும் இடையே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சில நாள் ஓட்டிய பிறகு குளிர்ந்த இஞ்சினில் மறுபடி சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், நுரை இல்லை. வண்டி இப்போது மருதமலை அடிவார ஏற்றத்தில் சத்தமில்லாமல் போகிறது. பிளக் கழற்றினாலும் காயில் இடத்திலேயே நிற்கிறது.

எல்லா ஓட்டைக்கும் இது பொருந்தாது. ஏற்கெனவே போட்ட காயில் கழண்டு வந்திருந்தாலோ, ஓட்டை நீள்வட்டமாகப் போயிருந்தாலோ காயில் நிற்காது. அங்கே கெட்டிச் சுவருள்ள புஷ் (உள்ளும் புறமும் மரையுள்ள உலோக உறை) வேண்டும். அதில் மேல் விளிம்பு தங்குவதற்கு ஹெட்டில் படி வெட்ட வேண்டும். அதை ஹெட்டை இறக்கி, லேத்திலோ மில்லிங்கிலோ வைத்துச் செய்வதே சரி. பிளக் ஓட்டையிலிருந்து வால்வு சீட்டை நோக்கி மயிரிழை விரிசல் தெரிந்தால் மரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், முதலில் விரிசலைப் பார்க்க வேண்டும்.

பழைய 800, ஜென், ஆம்னி என்று எதையாவது வாங்கப் போகிறவர்கள் இஞ்சின் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மூன்றோ நான்கோ, எல்லாவற்றையும் வரிசையாக வைத்து மரை நீளத்தை ஒப்பிடுங்கள், எண்ணைப் படியுங்கள். மரையில் வெள்ளிச் சுருள் இருக்கிறதா, கேஸ்கெட் ஒரே சீராக நசுங்கியிருக்கிறதா, அடியில் ஈரக் கரி இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும்போது நீங்களே கையால் மாட்டுங்கள். கேஸ்கெட் தொடும் வரை விரலுக்கு இறங்காத பிளக் இருந்தால், விலை பேசுவதற்கு முன் அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.